கப்பல் கிளம்பிடுச்சு... கொலையாளி உள்ளேதான் இருக்கான்! க்ரூஸ் த்ரில்லர் ரசிகர்களுக்கு ஒரு சென்னை கைடு

ஜனவரி மாசம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சிக்குப் போனவங்களுக்கு அந்தக் காட்சி நல்லா பழக்கமா இருக்கும். கால்ல புழுதி, கையில டெல்லி அப்பளம், தோள்ல கனமான துணிப்பை. இந்த முறை என்கூட ப்ளஸ் ஒன் படிக்கிற அக்கா பொண்ணும் வந்தா. ரெண்டு மணி நேரம் வரிசை வரிசையா சுத்தினோம். கடைசியில அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சித்தி, கப்பல்ல நடக்குற மர்மக்கதை தமிழ்ல இருக்கா? ஹீரோவுக்கு என் வயசு இருக்கணும்."

அவ போன்ல இங்கிலீஷ்ல அந்த மாதிரி வரிசையா படிச்சு முடிச்சிருக்கா. க்ரூஸ் கப்பல், பார்ட்டி, காணாமப்போன ஒரு பொண்ணு, பதினேழு வயசுல துப்பறியுற ஒருத்தி. அன்னிக்கு நாங்க ஏறி இறங்கின கடைகள்ல அப்படி ஒண்ணு கிடைக்கலை. ராஜேஷ்குமார் கிடைச்சார், சுஜாதா கிடைச்சார், லயன் காமிக்ஸ் கிடைச்சது. அவ தேடினது மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வீம்பு வந்துடுச்சு. துறைமுகத்தைப் பக்கத்துலயே வெச்சிருக்கிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு கப்பல் கதைக்குப் பஞ்சமா? நீங்களும் இந்த வகை கதைகளோட ரசிகர்னா, இல்லை, வாட்பேட்லயோ நோட்டுலயோ ஒண்ணு எழுதலாம்னு ரகசியமா ஆசை வெச்சிருந்தா, இது உங்களுக்குத்தான்.

முதல்ல, எதுக்குக் கப்பல்?

மர்மக்கதைக்கு ஒரு பூட்டின அறை வேணும். யாரும் உள்ளே வர முடியாது, யாரும் வெளியே போக முடியாது. அப்போதான் 'இவங்கள்ல ஒருத்தர்தான்'னு சந்தேகம் சூடுபிடிக்கும். அகதா கிறிஸ்டி 1937-ல எழுதின 'டெத் ஆன் தி நைல்' ஒரு நீராவிக் கப்பல்ல நடக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு அதே அம்மா ஒரு தீவையே பூட்டின அறையா மாத்தினாங்க. ரூத் வேர் 2016-ல எழுதின 'தி வுமன் இன் கேபின் 10' சின்ன சொகுசுக் கப்பல்ல நடக்குது. 2025-ல நெட்ஃப்ளிக்ஸ் படமாவும் வந்துடுச்சு. இந்த ரெண்டும் பெரியவங்க கதைகள். உங்க வயசுக்குன்னே வேணும்னா ராபின் ஸ்டீவன்ஸோட 'டெத் செட்ஸ் செயில்' (2020) நல்ல தொடக்கம். ஹாங்காங்ல இருந்து வந்த ஹேசல் வாங்கும், அவ தோழி டெய்ஸியும் நைல் நதிக் கப்பல்ல துப்பறியுறாங்க. ஒன்பது புத்தகம் கொண்ட வரிசையில கடைசி அது. கடைசியில இருந்து ஆரம்பிச்சு என்னைத் திட்டாதீங்க.

நம்ம பக்கம் துப்பறியும் கதைக்குக் குறைச்சலே இல்லை. நூறு வருஷம் முன்னாடியே ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஆரணி குப்புசாமி முதலியார்னு ஒரு கூட்டமே எழுதித் தள்ளுச்சு. அப்புறம் தமிழ்வாணனோட சங்கர்லால், டீயும் கையுமா வெளிநாடு வரைக்கும் போய் துப்பறிஞ்சார். 1972-ல சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோட வந்தது. சுஜாதாவோட கணேஷ் - வசந்த் உங்க அப்பா அம்மாவோட ஹீரோஸ். ஆனா கவனிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் குழந்தைக் கதை, மறுபக்கம் பஸ் ஸ்டாண்டுல தொங்குற பாக்கெட் நாவல். நடுவுல பதினாறு வயசுக்காரி நிக்கிற இடம் காலியாவே கிடக்கு. சினிமாவுல 2010-ல வந்த 'மன்மதன் அம்பு' க்ரூஸ் கப்பல்ல ஒரு வேவு பார்க்கிற கதையை வெச்சது. அதுவும் காதல் காமெடி பக்கம் திரும்பிடுச்சு.

நம்ம ஊர் கப்பல்கள்

க்ரூஸ்னாலே மியாமி, பார்சிலோனான்னு நினைக்காதீங்க. உங்க தாத்தா பாட்டி காலத்துல மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியா சிங்கப்பூருக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போன கப்பல் 'ரஜூலா'. 1926-ல கட்டினது. கேபின் வாங்க வசதி இல்லாத ஆயிரக்கணக்கானவங்க திறந்த தளத்துலயே பாய் விரிச்சுப் படுத்துப் போனாங்க. அதுக்குப் பின்னாடி எழுபதுகள்ல வந்தது 'சிதம்பரம்'. 'பாஸ்டர்'ங்கிற பேர்ல ஓடின பிரெஞ்சுக் கப்பல் அது; இந்திய அரசு கப்பல் கழகம் வாங்கி நம்ம பேர் வெச்சது. 1985-ல நடுக்கடல்ல அதுல தீப்பிடிச்சுப் பல பேர் இறந்தாங்க. அதோட அந்தப் பயணமும் முடிஞ்சது. சிங்கப்பூர், மலேசியாவுல சொந்தக்காரங்க இருந்தா இந்த ரெண்டு பேரையும் சொல்லிப் பாருங்க. யாராவது ஒரு பெரியவர் கதை சொல்ல ஆரம்பிப்பார்.

இப்போ நம்ம தலைமுறைக் கப்பல். 2022 ஜூன்ல முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைச்சுத் தொடங்கிவெச்ச கோர்டேலியா க்ரூஸ். சென்னையில இருந்து நடுக்கடலுக்குப் போய்த் திரும்புறது ஒரு பேக்கேஜ். விசாகப்பட்டினம், புதுச்சேரி சுத்தி வர்றது இன்னொண்ணு. ஆனா புதுச்சேரியில பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கலை. கரை தெரியுற தூரத்துல ஒரு முழு கப்பல் இறங்க வழியில்லாம நிக்குதுன்னா, த்ரில்லர் எழுதுறவங்களுக்கு அதுவே பாதி கதை. அடுத்த வருஷம் ஜூன்ல அதே கப்பல் சென்னையில இருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு.

அந்தக் கப்பலோட ஜாதகம் இன்னும் சுவாரஸ்யம். 1990-ல பிறந்தப்போ பேர் 'நோர்டிக் எம்ப்ரஸ்'. அப்புறம் 'எம்ப்ரஸ் ஆஃப் தி ஸீஸ்'. அப்புறம் வெறும் 'எம்ப்ரஸ்'. மறுபடி பழைய பேர், மறுபடி 'எம்ப்ரஸ்'. பேர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். மாறாதது ஒண்ணு மட்டும் இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நந்தனத்துல இருந்து ஏழு ஸ்டேஷன்

புத்தகக் காட்சி முடிஞ்சு நந்தனத்துல மெட்ரோ ஏறுங்க. தேனாம்பேட்டை, டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், சென்ட்ரல். ஏழாவது ஸ்டேஷன் உயர் நீதிமன்றம். மேலே ஏறி வந்தா எதிர்ப்பக்கம் துறைமுகம்.

கப்பல் கதை எழுதுறவங்களுக்கு இந்த நீதிமன்ற வளாகம் ஒரு தங்கச் சுரங்கம். அந்தச் சிவப்புக் கட்டடத்து உச்சிக் கோபுரம்தான் 1894-ல இருந்து 1977 வரைக்கும் ஊரோட கலங்கரை விளக்கம். கீழே வழக்கு நடக்கும், மேலே கப்பலுக்கு விளக்கு சுத்தும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டதை நினைவுபடுத்துற கல்வெட்டும் இங்கேதான் இருக்கு. 'அவன் சரியான எம்டன்'னு சொல்றோமே, அந்த எம்டன்தான்.

இந்த நீதிமன்றம் ஒரு கப்பலையே கைது பண்ணலாம்னு தெரியுமா? கடன் பாக்கி, சம்பள பாக்கி, மோதல்னு வழக்கு வந்தா, கப்பல் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு போட அதிகாரம் இருக்கு. ஹீரோயின் கேஸை முடிக்க இன்னும் ரெண்டு நாள் வேணும், கப்பலோ இன்னிக்கு ராத்திரி கிளம்புது... மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

உண்மையான மர்மமும் இந்தப் பக்கம் நடந்திருக்கு. 1952 ஆகஸ்ட்ல போட் மெயில் ரயில் மானாமதுரையில நின்னப்போ, ஒரு டிரங்குப் பெட்டியில தலையில்லாத உடல். போட் மெயில்ங்கிறது பாதி ரயில், பாதி கப்பல் பயணம். தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். தலை கிடைச்சதோ இங்கே, ராயபுரம் கடற்கரையில. ஆளவந்தார் கொலை வழக்குன்னு ஊரே பேசுச்சு. ரயிலும் கடலும் சேர்ந்து மறைச்சுடும்னு நம்பினவங்களை ரெண்டுமே காட்டிக்கொடுத்துடுச்சு.

போலீஸ் யாரு?

பல கப்பல் த்ரில்லர்கள் நழுவுற இடம் இது. கொலை நடந்துடுச்சு. சரி, யாருக்கு போன் பண்றது? நூறா?

கரையில இருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைக்கும் நம்ம நாட்டுக் கடல். அதைத் தாண்டி நடுக்கடலுக்குப் போயிட்டா, கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுதோ அந்த நாட்டுச் சட்டம்தான் முதல்ல பேசும். உலகத்துல பல பெரிய க்ரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடான்னு சின்னச் சின்ன நாடுகள்ல பதிவானவை. முதலாளி அமெரிக்கர், சமையல்காரர் கோவாக்காரர், பயணி திருச்சிக்காரர், கொடி பஹாமாஸ்!

இந்தியாவுல பதிவான கப்பல்னா எங்கே நடந்தாலும் நம்ம சட்டம் செல்லும். 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதைத் தெளிவாவே சொல்லுது. குற்றம் பண்ணவர் இந்தியக் குடிமகன்னா வெளிநாட்டுக் கப்பல்லயும் அவரை விடாது.

இது வெறும் சட்டப் பாடம் இல்லை. 2011-ல ஒரு பெரிய க்ரூஸ் கப்பல்ல வேலை பார்த்த 24 வயசு பிரிட்டிஷ் பொண்ணு மெக்ஸிகோ பக்கம் நடுக்கடல்ல காணாமப்போனா. கப்பல்ல ஆயிரக்கணக்கான பேர். பஹாமாஸ் கொடிங்கிறதால விசாரிக்கப் பஹாமாஸ்ல இருந்து வந்தது ஒரே ஒரு போலீஸ் அதிகாரி. அந்தப் பொண்ணோட அப்பா அம்மா பதிலுக்காகப் பல வருஷம் அலைஞ்சாங்க. இதுமாதிரி காணாமப்போன வழக்குகளும், கப்பல்ல நடந்த பாலியல் குற்றங்களும் குவிஞ்சதாலதான் அமெரிக்கா 2010-லயே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அறைக் கதவுல வெளியே பார்க்கிற துளை இருக்கணும், தளத்துக் கைப்பிடிச் சுவர் 42 அங்குலம் இருக்கணும், குற்றங்களைப் பதிவு பண்ணி அறிவிக்கணும்னு அதுல வரி வரியா இருக்கு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் இருக்கு. உங்க கதையில ஒரு பொண்ணு காணாமப்போனா, அவளைத் தேடுற வீடு ஒண்ணு கரையில இருக்குங்கிறதை மறந்துடாதீங்க.

தமிழ்நாட்டு உதாரணமும் உண்டு. 2013 அக்டோபர்ல 'சீமேன் கார்ட் ஓஹையோ'ங்கிற கப்பலை நம்ம கடலோரக் காவல் படை மடக்கித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. உள்ளே துப்பாக்கிகள், 35 பேர். கப்பலோட கொடி சியரா லியோன், நிறுவனம் அமெரிக்கா, ஆட்கள் பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா. 12 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயாங்கிறதே பெரிய வாதமா போச்சு. 2016-ல ஐந்து வருஷ சிறைத் தண்டனை. 2017 நவம்பர்ல மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. கடல்ல கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்தக் கோடு 35 பேரோட நாலு வருஷத்தை எடுத்துக்கிச்சு.

கப்பல்ல மட்டுமே கிடைக்கிற க்ளூ

கைரேகை, சிசிடிவி எல்லாம் அபார்ட்மென்ட்டுலயும் இருக்கு. கப்பலுக்குன்னு தனிச் சாட்சிகள் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையா வாங்க.

மேலே சொன்ன மாறாத விஷயம், ஐ.எம்.ஓ. நம்பர். கப்பலோட ஆதார்னு வெச்சுக்கோங்க. ஏழு இலக்கம். கட்டினதுல இருந்து உடைக்கிற வரைக்கும் ஒரே நம்பர். இதுல ஒரு குட்டிக் கணக்கு ஒளிஞ்சிருக்கு. முதல் ஆறு எண்களை வரிசையா 7, 6, 5, 4, 3, 2-ஆல பெருக்கிக் கூட்டுங்க. வர்ற விடையோட கடைசி இலக்கம்தான் ஏழாவது எண்ணா இருக்கணும். உதாரணத்துக்கு 9074729. 63, 0, 35, 16, 21, 4. கூட்டினா 139. கடைசி 9. ஏழாவது எண்ணும் 9. சரியா? போலி நம்பர் எழுதினவனை ஒரு டிஷ்யூ பேப்பர்ல கணக்குப் போட்டே பிடிச்சுடலாம்.

அடுத்தது விளக்கு. ராத்திரியில எல்லாக் கப்பலுக்கும் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. இப்போ ஒரு காட்சி. சென்னையில இருந்து தெற்கே போகுது கப்பல். அதுக்கும் கரைக்கும் நடுவுல காசிமேட்டு ஃபைபர் படகுல ஒரு அண்ணன் வலை போட்டுக்கிட்டு இருக்கார். தெற்கே போற கப்பலுக்கு மேற்குப் பக்கம்தான் வலது. அப்போ அவர் கண்ணுக்குப் பச்சைதான் தெரியணும். ஆனா அவர் சொல்றார்: "ரெண்டு மணி இருக்கும்மா, செவப்புதான் தெரிஞ்சது." அப்படின்னா அந்த நேரத்துல கப்பல் வடக்கே திரும்பியிருக்கு! யாராவது கடல்ல விழுந்துட்டா, வந்த பாதையிலேயே துல்லியமா திரும்பிப் போக 'வில்லியம்சன் டர்ன்'னு ஒரு முறை வெச்சிருக்காங்க கப்பல்காரங்க. 'ராத்திரி எதுவுமே நடக்கலை'ன்னு கேப்டன் சொன்னா, அவர் பொய் சொல்றார். அந்தப் பொய்யை உடைச்சது ஸ்கூல் படியே மிதிக்காத ஒரு மீனவர்.

மூணாவது, கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கிழக்கே போற கப்பல்கள்ல பெரும்பாலும் ராத்திரியோட ராத்திரியா கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெப்பாங்க. ரெண்டு மணி அடிச்சதும் மூணுன்னு மாத்தினா, அந்த ராத்திரி 2.20-ங்கிற நேரமே கிடையாது. "2.20-க்கு நான் டெக்குல இருந்தேன்"னு ஒருத்தர் கப்பல் கடிகாரத்தைக் காட்டி சாட்சி சொன்னா? அவரோட போன் சிக்னல் இல்லாம இன்னும் சென்னை நேரத்துலயே நிக்குதுன்னா, எடுத்த போட்டோவுல என்ன நேரம் பதிவாகியிருக்கும்? இலங்கைக்குப் போற கப்பல்ல மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

அறைச் சாவி அட்டை இன்னொரு உளவாளி. கதவு எப்போ திறந்ததுன்னு அது பதிவு பண்ணும். துறைமுகத்துல இறங்கும்போதும் ஏறும்போதும் அதைத் தேய்ச்சாதான் வழி. எத்தனை பேர் திரும்பி ஏறலைன்னு ஒரு நிமிஷத்துல கணக்கு வந்துடும். பெரிய கப்பல்கள்ல ஒரு லாக்கப் அறையும், சடலம் வைக்கிற குளிர் அறையும் உண்டு. பயணிகளுக்குக் காட்டுற மேப்புல அதெல்லாம் இருக்காது.

ஹீரோ யாரு?

இங்கிலீஷ் கதைகள்ல பெரும்பாலும் பணக்கார வீட்டுப் பிள்ளைங்கதான் கப்பல்ல ஏறுறாங்க. நம்ம கதைக்கு அது ஒட்டாதுன்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல இருந்து கப்பல்ல ஏறுறவங்கள்ல பல பேர் வேலைக்குப் போறவங்க. கேட்டரிங் படிச்சுட்டு, மாசக்கணக்குல ஒப்பந்தம் போட்டு, தண்ணி மட்டத்துக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையில ரெண்டு பேரா தங்கி, மேலே பத்து மாடியில நடக்குற பார்ட்டிக்குத் தட்டு தூக்குறவங்க. அவங்களுக்குன்னு தனிப் படிக்கட்டு, தனி நடைபாதை, தனிச் சாப்பாட்டுக் கூடம். பயணி பார்க்கவே முடியாத பாதி கப்பல் அது. அண்ணன் அந்தக் கீழ்த்தளத்துல வேலை பார்க்குறான். லீவுக்குத் தங்கச்சி ஆஃபர் டிக்கெட்டுல மேல்தளத்துல ஏறுறா. ரெண்டாவது நாள் அண்ணன் போன் எடுக்கலை. மேலதிகாரி, 'அவன் முந்தின துறைமுகத்துலயே இறங்கிட்டான்'ங்கிறார். அட்டையைத் தேய்ச்சதுக்கான பதிவு இல்லை.

இதை அக்கா பொண்ணுகிட்ட சொன்னேன். ஒரு வாரம் கழிச்சு வாட்ஸப்ல முதல் அத்தியாயம் வந்தது. கப்பல் பேர் சூப்பர், அண்ணன் கேரக்டர் சூப்பர். கப்பலோட நம்பர்னு 9123456 போட்டிருந்தா. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 113 வருது. கடைசி எண் 3-ஆ இருக்கணும், இவ 6 போட்டிருக்கா.

உடனே போன் பண்ணேன். "நம்பர் தப்புடி."

"தெரியும் சித்தி. வில்லன் கணக்குல வீக்."